கூட்ட அறையும் செயற்கை அறிவு உதவியாளனும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நமக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு உங்களுள் சிலருக்கு வியப்பைத் தந்திருக்கலாம். உதவித்தொகையைப் பற்றியும் விடுதிகளின் நிலையைப் பற்றியும் பேசவேண்டிய மேடையில் மைக்கும் காமிராவும் கணிப்பொறியும் எதற்கு என்று பெரியவர் ஒருவர் நேற்றே கேட்டுவிட்டார். அவர் கேள்வி நியாயமானதே. ஆயினும், உதவித்தொகை எவ்வளவு, விடுதி எங்கே என்பனவெல்லாம் ஏதோ ஓர் அறையில், ஏதோ ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்துதான் முடிவு செய்யப்படுகின்றன. அந்த அறையின் பொறுப்பு இப்பொழுது மெல்ல மெல்ல ஓர் இயந்திரத்தின் கைக்கு மாறிவருகிறது. அதனால்தான் இத்தலைப்பை ஏற்றுக்கொண்டோம்.

இன்று ஓரளவு பெரிய அலுவலகத்தின் கூட்ட அறைக்குச் சென்றால் கதவருகே ஒரு சிறு திரை இருக்கும். அறை எவர் பெயரில், எத்தனை மணி வரை பதிவாகியுள்ளது என்பதை அது காட்டும். பதிவு செய்தவர் குறித்த நேரத்தில் வாராவிடின் அதுவே பதிவை நீக்கி அறையைப் பிறர்க்கு விட்டுவிடும். உள்ளே சுவரில் பெரிய திரை; அதன் கீழ் காமிரா, ஒலிவாங்கி, ஒலிபெருக்கி மூன்றும் ஒன்றாய் அமைந்த நீண்ட பட்டை. எல்லாவற்றையும் இயக்க மேசைமீது ஒரு தொடுதிரை. முன்பெல்லாம் இக்கருவிகளுள் ஒன்று மக்கர் செய்தால் பத்துப் பேர் எழுந்து நின்று கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவர். கூட்டத்தின் முதற் கால்மணி நேரம் அதிலேயே கழியும்.

இந்தத் தொல்லையைத் தீர்க்கவே பேச்சைக் கேட்டு வேலை செய்யும் உதவியாளன் முதலில் அறைக்குள் வந்தான். அமேசான் நிறுவனம் 2017 நவம்பரில் 'அலெக்சா ஃபார் பிசினஸ்' என்ற சேவையை அறிவித்தது. கூட்டத்தைத் தொடங்கு என்று வாயால் சொன்னால் போதும், எண்களை அழுத்த வேண்டுவதில்லை என்றனர். அந்தச் சேவை 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நம்பி அறையை அமைத்தவர்கள் வேறு வழி தேட நேர்ந்தது. கழகத்துக்குக் கருவி வாங்கும் பொறுப்பு என்றேனும் உங்கள் கைக்கு வருமாயின், எந்த உதவியாளனும் இல்லாமலே இயங்கவல்லதா என்பதை முதலில் பார்த்து வாங்குங்கள்.

இப்பொழுது வந்திருப்பவன் வேறு வகையினன். ஜூம் நிறுவனத்தின் 'ஏ.ஐ. கம்பானியன்', மைக்ரோசாஃப்டின் 'கோபைலட்' ஆகியவை 2023இல் வெளிவந்தன. இவை கூட்டம் முழுவதையும் கேட்கின்றன, பேசியதை எழுத்தாக்குகின்றன, கூட்டம் முடிந்ததும் சுருக்கத்தையும், இன்னார் இன்ன பணியை ஏற்றார் என்ற பட்டியலையும் நீட்டுகின்றன. தாமதமாக வந்தவர் கேட்டால் இதுவரை நடந்ததையும் எடுத்துரைக்கின்றன. பெரிய நிறுவனங்களில் நூற்றுக்கணக்கான அறைகளுள் எதில் கம்பி கழன்றுள்ளது, எதில் மைக் அடைபட்டுள்ளது என்பதைத் தொலைவிலிருந்தே கண்டு சொல்லும் மென்பொருள்களும் உள்ளன. நல்ல வசதிதான். அதனை மறுப்பார் யார்?

ஆனால் அது எவ்வாறு கேட்கிறது என்பதை நாம் அறிந்துகொள்ளவேண்டும். அந்தப் பட்டைக்குள் இருப்பது ஒரு மைக் அன்று, பல. ஒலி ஒவ்வொன்றையும் அடையும் நேரத்தில் உண்டாகும் நுட்பமான வேறுபாட்டைக் கணக்கிட்டு, பேச்சு எத்திசையிலிருந்து வருகிறதென்று கருவி அறிகிறது. அத்திசையின் ஒலியை உயர்த்தி மற்றவற்றைத் தாழ்த்துகிறது. காமிராவையும் அப்பக்கம் திருப்புகிறது. மின்விசிறி, வண்டிச் சத்தம், நாற்காலி இழுபடும் ஓசை ஆகியவற்றை இரைச்சல் எனக் கொண்டு வடிகட்டுகிறது. எது பேச்சு, எது இரைச்சல் என்று அதற்குக் கற்பித்தவை முன்னரே அதற்கு ஊட்டப்பட்ட ஒலிப்பதிவுகளே. தொலைவையும் கருதவேண்டும். திறந்த வெளியில் தூரம் இருமடங்காயின் ஒலியழுத்தம் பாதியாகிவிடும். அறைக்குள்ளோ வெறுஞ்சுவரில் பட்டு எதிரொலிக்கும் ஓசையும் சேர்ந்துகொண்டு தொலைவில் இருப்பவர் பேச்சைக் குழப்பும். ஆகவே மேசைத் தலைமாட்டில் அமர்ந்திருப்பவர் முனகினாலும் அதற்குக் கேட்கும். கதவோரத்து விசுப்பலகையில் இருப்பவர் வாய்விட்டுச் சொன்னாலும் கேளாமற் போகலாம். நம் ஊர்களில் மேசைத் தலைமாட்டில் அமர்ந்தவர் எவர், கதவோரத்தில் நின்றவர் எவர் என்பதை நாம் சொல்லித்தானா நீங்கள் அறியவேண்டும்?

சென்ற ஆண்டு நம் கழகத்திலேயே நடந்ததைச் சொல்கிறோம். வெளியூர்களில் பணிபுரியும் நம் பழைய மாணவர்கள் கூட்ட அறைக்கு ஒரு திரையும் காமிராவும் வாங்கித் தந்தனர். உதவியாளனும் உடன் வந்தான். அடுத்த நிருவாகக் கூட்டத்தில் அறையில் பதினைந்து பேர், திரையில் நால்வர். விடுதி மாணவி ஒருத்தியின் தாயார், நகராட்சியில் துப்புரவுப் பணி செய்பவர், இரவு வேலையை முடித்து நேரே வந்து கதவோரம் அமர்ந்திருந்தார். பெண்கள் விடுதிக் குளியலறையின் தாழ்ப்பாள் உடைந்து இரண்டு மாதமாகிறது, பிள்ளைகள் ஒருத்திக்கு ஒருத்தி காவல் நின்று விடியுமுன் குளிக்கிறார்கள் என்று அவர் எழுந்து சொன்னார். இரண்டு முறை சொன்னார். பார்க்கிறோம் அம்மா என்று மறுமொழியும் கூறினோம்.

கூட்டம் முடிந்த சிறிது நேரத்தில் நடவடிக்கைக் குறிப்பு வந்தது. ஆறு தீர்மானங்கள், அழகான நடை, பிழையற்ற எண்கள். கையெழுத்திட்டு மினிட் புத்தகத்தில் ஒட்டினோம். மறு மாதம் அந்த அம்மையார் மீண்டும் வந்தார். "போன மாசமே சொன்னேனே ஐயா, எழுதலையா?" என்றார். எழுதப்படவில்லை! பதிவைப் போட்டுக் கேட்டோம். மின்விசிறியின் ஓசையோடு அவர் குரலும் தேய்ந்திருந்தது. படத்தில் அவர் முகம் ஓரிடத்திலும் இல்லை. அவர் பேசிய நேரம் முழுதும் காமிரா தலைவரையே காட்டிக்கொண்டிருந்தது.

இயந்திரத்தைக் குறை கூறுவது எளிது. அது கேட்டதைத்தான் எழுதிற்று. நம் காதில் அவர் சொல் விழுந்ததே! பதினைந்து பேர் கேட்டோம். இயந்திரம் எழுதுகிறதென்று ஒருவரும் எழுதவில்லை. படியாமலே கையெழுத்தும் இட்டோம். அந்தக் குற்றம் நம்முடையது.

இஃது ஏதோ நம் சிற்றூரில் மட்டும் நேர்ந்த குறை என எண்ணவேண்டா. அமெரிக்க நாட்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அமேசான், ஆப்பிள், கூகுள், ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களை அவர்கள் சோதித்தனர். வெள்ளையர் பேச்சில் சொற்பிழை சராசரியாக நூற்றுக்கு 19. கறுப்பின மக்கள் பேச்சிலோ 35. அம்மக்கள் பேசும் வழக்கு மென்பொருளுக்குப் போதிய அளவு ஊட்டப்படவில்லை என்பதே ஆய்வாளர் கண்ட காரணம். காமிராவின் கதையும் இத்தகையதே. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற ஜாய் புவோலாம்வினி என்ற கறுப்பினப் பெண்மணியின் முகத்தை ஒரு முகங்காண் மென்பொருள் முகமென்றே கொள்ளவில்லை. வெள்ளை முகமூடி ஒன்றை அணிந்ததும் உடனே கண்டுகொண்டது. அவர் அதோடு சோர்ந்து அமரவில்லை. டிம்னிட் கெப்ரு என்பாருடன் சேர்ந்து 2018இல் ஆய்வு வெளியிட்டு, முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா என்று பகுக்கும் மென்பொருள்கள் கருநிறப் பெண்களிடத்தில் எத்துணைப் பிழை செய்கின்றன என்பதை எண்ணிக்கையோடு காட்டினார். நிறுவனங்கள் தம் மென்பொருளைத் திருத்த முற்பட்டன. குறையைக் கண்டவர் அதனை அளந்து எழுதியதனால் கிடைத்த பயன் அது.

இன்னொன்றும் உண்டு. இவ்வுதவியாளன் கேளாததை விடுவதோடு நில்லாமல், சொல்லாததைச் சேர்ப்பதும் உண்டு. பேச்சில்லாத இடைவெளியில் தானே ஒரு வாக்கியம் படைத்து எழுதிவிடும் பழக்கம் இத்தகைய மென்பொருள்களிடம் காணப்பட்டிருக்கிறது. அதனைத் தயங்கித் தயங்கி எழுதுவதும் இல்லை. மற்ற வாக்கியங்களைப் போலவே உறுதியாக எழுதும்.

கூட்டத்தில் பேசுவது பெரிதா, பேசியது எழுத்தில் நிற்பது பெரிதா? 1930 நவம்பரில் இலண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பாளராக அண்ணல் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனாரும் அமர்ந்தனர். அவர்கள் உரைத்தவை மாநாட்டு நடவடிக்கைகளாக அச்சேறின. ஆகவேதான் இன்றும் அவற்றை நாம் எடுத்துப் படிக்கமுடிகிறது. நம் காலத்துக்கு வருவோம். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றின் தலைவர், நம் சமுதாயப் பெண்மணி, கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டிருந்த புகைப்படம் நாடெங்கும் பரவிற்று. அத்தகைய கூட்டத்தில் ஓர் உதவியாளனை வைத்திருந்தால் காமிரா எவரைக் காட்டியிருக்கும், குறிப்பு எவர் சொல்லை எழுதியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இது வெறுங் கற்பனையன்று. நடுவண் அரசின் ஊராட்சி அமைச்சகம் 2025 ஆகஸ்டில் 'சபாசார்' என்ற கருவியை அறிமுகம் செய்தது. கிராமசபைக் கூட்டத்தின் ஒலி, ஒளிப் பதிவுகளிலிருந்து நடவடிக்கைக் குறிப்பை அது தானே ஆக்கும். மொழிமாற்றத்துக்குப் 'பாஷிணி' என்ற அரசுத் திட்டம் துணை நிற்கிறது. நல்ல நோக்கமே. குறிப்பே எழுதாமல் கையெழுத்து மட்டும் வாங்கிச் செல்லும் வழக்கத்துக்கு இது முடிவு கட்டுமாயின் நாமே முதலில் வரவேற்போம். ஆனால் அந்தப் பதிவு செய்யும் மைக் எங்கே வைக்கப்படுகிறது, வந்த குறிப்பைக் கூட்டத்தார் முன் எவர் படிக்கிறார் என்று கேட்க ஓர் இளைஞன் அங்கே இருத்தல் வேண்டும்.

தொழில்வகையிலும் ஒரு சொல். அலுவலகங்களில் மேசை தூக்குவோர், கம்பி இழுப்போர், கருவிகளைத் தட்டி எழுப்புவோர் ஆகியோருள் நம் பிள்ளைகள் பலர். விசையைப் போடுவது மட்டும் அறிந்தவர் வேலையை உதவியாளன் எடுத்துக்கொள்வான், அதில் ஐயமில்லை. எதிரொலி ஏன் வருகிறது, அதனைத் திரைச்சீலையால் தடுப்பதா, மைக்கை நகர்த்தித் தடுப்பதா, கருவி வலையில் இணையாததன் காரணம் யாது என்று அறிந்தவனை அவனால் எளிதில் விலக்கமுடியாது. 'அவிக்ஸா' என்ற உலகளாவிய அமைப்பு இத்துறைக்கென 'சி.டி.எஸ்.' என்னும் சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறது. நம் நூலகத்தில் அதற்கான பாடநூல்களை வாங்கி வைக்கவேண்டுமென்று நிருவாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

தாழ்ப்பாள் நிகழ்ச்சிக்குப் பின் நம் அறையில் சில மாற்றங்களைச் செய்தோம். கதவோரத்துக்கென மைக் ஒன்று தனியாக வைத்தோம். எதிர்ச்சுவரில் தடித்த சீலை தொங்குகிறது. பதிவு தொடங்குமுன் அனைவரிடமும் இசைவு கேட்கிறோம். விடுதிப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வந்தால் பதிவை நிறுத்திவிடுகிறோம். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயது நிரம்பாதோர் செய்தியில் பெற்றோர் ஒப்புதல் வேண்டுமென்றே கூறுகிறது. உதவியாளன் எழுதும்போதே மாணவர் ஒருவரும் கையால் குறிப்பெடுக்கிறார். முடிவில் இரண்டையும் ஒப்பிட்டு, எவரும் எழுந்து செல்லுமுன் உரக்கப் படிக்கிறோம்.

சென்ற மாதக் கூட்டத்திலும் அவ்வாறே படித்தோம். அந்த அம்மையாரும் வந்திருந்தார். "விடுதிக் குளியலறைத் தாழ்ப்பாள் இரண்டு மாற்றப்பட்டன" என்ற வரி வந்ததும் கை உயர்த்தி, "மூணுங்க ஐயா, மூணாவது நேத்துதான் போட்டாங்க" என்றார். செயலாளர் இரண்டை அடித்து மூன்று என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டார்.