எழுத்தே சாட்சி



தலைநகருக்கு வந்த தமிழர் பலர் ஒரு காலத்தில் அரசாங்க உத்தியோகத்தை நாடி வந்தவர்கள். மோதி பாக்கின் அரசுக் குடியிருப்புகளும், அங்கே தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளியும் அந்த வரலாற்றை நினைவூட்டுவன. இன்று சொந்தத் தொழில் நடத்துவோரும் நம்மிடையே உளர். சொந்த ஊரில் கொடுத்த வாக்குக்கு உறவும் ஊரும் சாட்சி. அயலூரிலோ எழுத்தே சாட்சி.

வாய்மொழி ஒப்பந்தம் செல்லாது என்று எண்ண வேண்டா. தகுதியுடைய இருவர் மனமிசைந்து, சட்டத்துக்கு உட்பட்ட செயலுக்காக, தக்க பிரதிபயனுடன் செய்துகொள்ளும் உடன்பாட்டை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பொதுவாக ஏற்கிறது. ஆனால் வழக்கென்று வந்தால், பேசியது இன்னதென்று மெய்ப்பிப்பது எளிதன்று.

மோதி பாக்கில் ஒருவர் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களுக்கு மதிய உணவு அனுப்ப இசைகிறார் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்குள், என்னென்ன உணவு, விலைவாசி ஏறினால் தொகையைத் திருத்துவது எப்போது, எத்தனை நாள் முன்னறிவிப்புடன் விலகலாம் என்பவற்றை எண்ணால் எழுதுக. ‘நல்ல உணவு’, ‘உரிய நேரம்’ போன்ற சொற்கள் பிணக்குக்கு இட்ட வித்து.

அடுத்தது பணம். பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கும் சிறுதொழிலுக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று துணை நிற்கிறது. பணியை ஏற்றுக்கொண்டவர், எழுத்தில் குறித்த தவணைக்குள் தொகையைச் செலுத்த வேண்டும்; அத்தவணை 45 நாளுக்கு மேற்படலாகாது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி சேரும்.

மூன்றாவது அபராத ஷரத்து. ஒரு நாள் தவறினால் பெருந்தொகை என்று எழுதியிருப்பினும் அது முழுவதும் தானாகவே கிடைத்துவிடாது. தில்லிக் கட்டடம் ஒன்றை 1,12,500 ரூபாய்க்கு விற்க 1949இல் உடன்பாடு ஆயிற்று. விற்பனை நிறைவேறாதபோது, பெற்றிருந்த 25,000 ரூபாயையும் விற்பவர் தமக்கே உரியதென்றார். ஃபதே சந்த் வழக்கு என வழங்கும் அதில், 1963இல் உச்ச நீதிமன்றம், முன்பணமான 1,000 ரூபாயை மட்டுமே பறிமுதல் செய்யலாம் என்றது. எழுதிய தொகை உச்ச வரம்பு. அதற்குள் நியாயமான ஈடே கிட்டும் என்பது 74ஆம் பிரிவின் கருத்து.

இறுதியாக, வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் என்ற வரியைப் படியாமல் கையொப்பமிடாதீர்கள். தொலைதூர நகரம் குறிக்கப்பட்டிருந்தால், வர வேண்டிய பணத்தைவிடப் பயணச் செலவு மிகுந்துவிடக் கூடும். புரியாத மொழியில் பத்திரம் இருந்தால், அறிந்தவரைக் கொண்டு வரிவரியாகப் பொருள் கேட்டறிக. இருவரும் ஒப்பமிட்ட பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

எழுதிக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது. நட்பு நீடிக்க வேண்டுமானால் கணக்குத் தெளிவாக இருக்க வேண்டும்.