நாடி தவறினால் நடுங்க வேண்டுமா?

(சந்தவாசலில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு பற்றியே நாம் வழக்கமாகக் கூடிப் பேசுகிறோம். இன்று ஓய்வறியாது உழைக்கும் இருதயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். நான் வைத்தியன் அல்லன். வைத்தியர்கள் கூறுவதை எடுத்துரைப்பவன்.

வளர்ந்த மனிதரின் இருதயம் அமைதியாக இருக்கும் வேளையில் நிமிஷத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை. இத்தனையில் இரண்டொரு துடிப்பு முந்தி வருவதும், அடுத்தது சற்று நின்று ஓங்கி அடிப்பதும் உண்டு. இரவு கண்விழித்து நீர் பாய்ச்சிய பின்னும், காப்பி, தேநீர் மிகுதியாக அருந்திய பின்னும், மனக்கவலையிலும் இது தோன்றும். வேறு தொல்லை இல்லாதவர் இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. அடிக்கடி நேர்ந்தால் மட்டும் வைத்தியரிடம் காட்டினால் போதும்.

அப்படியானால் எப்போது அஞ்ச வேண்டும்? துடிப்பு தவறுவதை மட்டும் பாராதீர்கள். அதனுடன் கூட வருவது என்ன என்று பாருங்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகிய மூன்றில் ஒன்று சேர்ந்து வந்தாலும் அது அபாய அறிகுறி. "வாய்வுதான்" என்று சோடா குடித்துப் படுத்துவிடக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நோயாளியே வண்டி ஓட்டிச் செல்வதும் ஆகாது. வேலை செய்யும்போதே மயங்கி விழுந்தவரும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் கண்டவரும், தெளிந்துவிட்டது என்று இருந்துவிடாமல் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

வலியே இல்லாத அபாயமும் ஒன்றுண்டு. சிலருக்கு, முக்கியமாக முதியோருக்கு, நாடி ஒழுங்கேயின்றித் தாறுமாறாக ஓடும். இருதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். தேங்கிய நீரில் பாசி படர்வது போல, அங்கே தேங்கிய இரத்தம் கட்டியாகலாம். அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். வாய் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறுதல் கண்டால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். மலையூர்களிலிருந்து இறங்கி வரவே நேரம் பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இக்கோளாறுக்குப் பெருங்காரணம் இரத்த அழுத்தம். மற்றொன்று, குழந்தைப் பருவத்தில் தொண்டைப் புண்ணைக் கவனியாது விடுவதால் வரும் வாதக் காய்ச்சல். அது இருதய வால்வுகளைக் கெடுத்துப் பல ஆண்டுகள் கழித்துத் துன்பம் தரும். ஆகையால் பிள்ளைகளின் தொண்டைவலியையும் காய்ச்சலையும் அலட்சியம் செய்யாதீர்கள். வைத்தியர் பென்சிலின் ஊசியைத் தொடரச் சொன்னால் இடையில் நிறுத்தாதீர்கள்.

நாடி பார்ப்பது எளிது. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணுங்கள். ஒழுங்கில்லையெனில் இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு இருக்கும்போதே எடுத்தால்தான் அது தாளில் பதியும். ஒரு முறை சரியாக இருந்ததால் நோயே இல்லை என்று முடிவு கட்டலாகாது.

உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒவ்வொரு குக்கிராமத்திலும் அவசர வேளையில் உதவக்கூடிய வண்டி யாருடையது என்று முன்கூட்டியே தெரிந்து வையுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின்படி வீடு தேடி வருவோரிடம் முதியோர் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளச் செய்யுங்கள். மாரடைப்பு என்று ஐயம் எழுந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் தரும் ஏற்பாடு 2023-இல் வந்திருப்பதை ஊரறியச் சொல்லுங்கள்.

வரப்பு உடைந்தபின் ஓடுவதைவிட, கசிவு கண்டபோதே மண் அணைப்பவனே நல்ல உழவன். உங்கள் உடலுக்கும் அந்த விழிப்பு வேண்டும்.