தாதுவிலிருந்து பிறேக்குக் கட்டை

ஆயிரம் தொன் எடையுள்ள புகைவண்டியொன்று மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது என்று கொள்வோம். பிறேக்குகளினால் அதனை நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம், 30 பாகைச் சூட்டிலுள்ள 650 இலீற்றர் நீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. இவ்வெப்பத்தைத் தாங்குபவை சில சிறு கட்டைகளே. அவை இறுகப் பற்றவும் வேண்டும். எளிதில் தேயவும் கூடாது. சூடேறியதும் பிடி தளரவும் கூடாது. இவற்றுள் ஒன்று தவறினாலும், மலைச் சரிவில் இறங்கும் வண்டியிலுள்ளோர் உயிர் ஊசலாடும்.

இத்தகைய கட்டைகள் சில இரும்புத் தூளினாற் செய்யப்படுகின்றன. இரும்புத் தூளுடன் செம்பு, காரீயம், மணல் போன்ற கடினமான துணிக்கைகள் ஆகியவற்றைக் கலந்து அழுத்துவர். பின்னர், குயவன் பச்சைப் பானையைச் சூளையிலிட்டு இறுக்குவதுபோல, இரும்பு உருகாதபடி சுட்டு இறுக்குவர். ஆயினும் வெளியிலிருந்து சேர்த்த கடினத் துணிக்கை இரும்போடு நன்கு ஒட்டுவதில்லை. உராயும்போது அது பெயர்ந்து விழுந்து, கட்டை விரைவில் தேய ஏதுவாகின்றது.

இக்குறையை நீக்கும் வழியொன்றைச் சீன ஆராய்ச்சியாளர் தாதுவிலேயே தேடினர். அந்நாட்டின் சிச்சுவான் மாகாணத்துப் பான்சிகுவாவில் இரும்போடு தைத்தேனியமும் வனேடியமும் கலந்த தாது ஏராளமாக உண்டு. ஊதுலையில் உருக்கினால் தைத்தேனியத்தின் பெரும்பகுதி கசடோடு சென்றுவிடும். ஆனால் அத்தாதுத் தூளைக் காபனுடன் கலந்து, வெற்றிடத்தில் உயர்ந்த சூட்டில் வைத்தால், இரும்பு ஒட்சைட்டு இரும்பாகின்றது. தைத்தேனியம் காபனோடு கூடி மிகக் கடினமான காபைட்டாகின்றது. இரும்புக்குள்ளேயே பிறந்த துணிக்கையாதலால் அது எளிதிற் பெயர்வதில்லை. கழிவாகப் போவதே காவலாக மாறிவிடுகின்றது.

இங்கேதான் கலப்பு மூலகங்களின் பணி தொடங்குகின்றது. செம்பு 1085 பாகையில் உருகி, துணிக்கைகளின் இடைவெளிகளிற் பரவி அவற்றைப் பிணைக்கின்றது. இரும்பிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவதால், உராயும் முகத்தின் சூட்டையும் தணிக்கின்றது. அளவு மிஞ்சினாலோ கட்டை மென்மையாகிவிடும். நிக்கல் இரும்பிற் கரைந்து அதற்கு உரமூட்டுகின்றது. மொலித்தனம் உயர்ந்த சூட்டிலும் வலிமை குன்றாதிருக்க உதவுகின்றது. குரோமியம் கடினத்தைக் கூட்டுகின்றது. மிகுந்தால் கட்டை எளிதில் உடையும். எதிரே உராயும் தட்டும் தேயும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. குரோமியமும் மொலித்தனமும் காபனை நாடுபவை. கலவையிலுள்ள காபனோ தாதுவிலுள்ள ஒட்சிசனை அகற்றவேண்டும்; காபைட்டையும் ஆக்கவேண்டும்; எஞ்சியது காரீயமாக நின்று, உராயும் முகங்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளாது காக்கவேண்டும். புதிய பங்காளிகள் வந்தால் எஞ்சுவது குறையும். எனவே ஒரு மூலகத்தைக் கூட்டும்போது காபனின் கணக்கையும் திருத்தியாகவேண்டும்.

கடினம் ஒன்றே நல்ல பிறேக்கை ஆக்கிவிடாது. கடினமும் உரமும், பிடிப்பும் வழுவழுப்பும் தத்தம் அளவில் நிற்பதே அதன் இரகசியம். பயணி அதை அறியமாட்டான். வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நின்றுவிட்டால் அவனுக்கு அதுவே போதும்.