பிறப்பைக் கேட்கும் வகுப்பறை

(பட்டம் முடித்த இளைஞர்களுக்காகப் புதுச்சேரியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். எப்படி விண்ணப்பிப்பது என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்துச் சிலர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அதையும் சொல்கிறேன். முதலில் அந்த வேலையின் வாசலில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறது என்பதைப் படித்துவிடுவோம்.

வில்லியனூர் பக்கம் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுப்பவன் நான். என்னிடம் படித்த ஒரு பெண் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்தவள். அவள் வீட்டில் முதல் பட்டதாரி. அம்மா துப்புரவுப் பணி செய்கிறார். தோட்டை அடகு வைத்து இணையத்தில் 120 மணி நேரச் சான்றிதழ் படிப்பும் முடித்தாள். கொரியாவுக்கு ஆள் அனுப்பும் ஒரு முகவரிடம் விண்ணப்பித்தாள். வந்த பதில் ஒரே வரி: உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது? அவள் இந்தியா என்று எழுதினாள். அதற்குப் பிறகு அங்கிருந்து பதிலே வரவில்லை. மதிப்பெண்ணைக் கேட்கவில்லை, பேசிக் காட்டச் சொல்லவில்லை.

இது அந்த முகவரின் தனிப்பட்ட குணம் இல்லை, தோழர்களே. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. தென்கொரியா 1995ல் அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை வரவழைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அந்த வேலைக்கான விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு உரியது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்த நாட்டவர் எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் விசாவுக்குப் போதும். விலங்கியல் படித்தவரும் ஆங்கில ஆசிரியர் ஆகலாம். தென்னாப்பிரிக்கர் என்றால் 7ஆம் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று கேட்பார்கள். ஏன் என்று உங்களுக்கே புரியும்.

2010 ஜனவரியில் இந்தியா – கொரியா பொருளாதார ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது இந்தியர்களுக்கும் ஒரு சிறு கதவு திறந்தது. துணை ஆங்கில ஆசிரியராகப் போகலாம். ஆனால் பட்டத்தோடு ஆசிரியர் பயிற்சித் தகுதியும் வேண்டும். அதாவது அங்கே பிறந்தவனுக்குப் பிறப்பே தகுதி, நமக்கு பி.எட். கட்டாயம். அந்தக் கதவு வழியாகப் போனவர்கள் மிகச் சிலர்தான்.

'தாய்மொழியாளர்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அக்ரகாரம் ஞாபகம் வருகிறது. ஒரு மொழி சிலருக்குப் பிறப்பால் சொந்தம், மற்றவர் எவ்வளவு படித்தாலும் இரவல் வாங்கியவரே என்பதை நாம் சமஸ்கிருதத்தின் பேரில் பல நூற்றாண்டுகள் கேட்டவர்கள். இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. விசா மறுக்கப்பட்டவனை யாரும் ஊரைவிட்டு ஒதுக்கிவைப்பதில்லை, அவன் குடிசையைக் கொளுத்துவதில்லை. ஆனால் தகுதி பற்றிய அந்தக் கணக்கு நமக்குத் தெரிந்த கணக்குதான்.

இப்போது மறுபக்கம். அந்த ஏழு நாட்டுக்காரர்களுக்காவது வேலை நிலைத்ததா? 2011 இறுதியில் சியோல் நகர மன்றம் அவர்களுக்கான நிதியை வெட்டியது. முதலில் உயர்நிலைப் பள்ளிகள், பிறகு நடுநிலைப் பள்ளிகள். எல்லாமே ஓராண்டு ஒப்பந்தம் என்பதால் யாரையும் 'நீக்க' வேண்டிய அவசியமே வரவில்லை. புதுப்பிக்காமல் விட்டால் முடிந்தது. நன்றாக ஆங்கிலம் பேசும் கொரிய ஆசிரியரே போதும் என்று அரசுத் தரப்பு சொன்னது. அதே 2011ல் சியோலில் நடந்த பெரிய சண்டை பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவச மதிய உணவு தருவதா என்பது. அதற்காக வாக்கெடுப்பு நடந்து, போதிய வாக்குப் பதிவாகாமல், இலவச உணவை எதிர்த்த மேயர் பதவி விலகினார். எங்கள் சம்பளத்தை எடுத்துச் சோறு போடுகிறார்கள் என்று சில வெளிநாட்டு ஆசிரியர்கள் புலம்பினார்கள். என்னைக் கேட்டால் சோறுதான் முதலில். சத்துணவு சாப்பிட்டுப் படித்தவன் வேறு எப்படிச் சொல்வான்?

வேடிக்கை என்னவென்றால், 2023ல் அதே சியோல் கல்வித்துறை வெளிநாட்டு ஆசிரியர்களை மறுபடியும் கூட்டப்போவதாக அறிவித்தது. ஆங்கிலம் பேச ரோபோவும் வைப்போம் என்றார்கள். வேண்டும்போது அழைத்து, வேண்டாதபோது அனுப்பிவிடும் வேலை அது.

இன்னொரு விஷயம் நம் ஆட்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். 2007 முதல் கொரியா இந்த ஆசிரியர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. கொரிய ஆசிரியருக்கு அது இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை இருந்தாலும் கொரிய வம்சாவளி என்றால் இல்லை. நோய் வம்சம் பார்த்தா வரும்? நியூசிலாந்தைச் சேர்ந்த ஒரு ஆசிரியை மறுபரிசோதனைக்கு உடன்பட மறுத்து வேலையை இழந்தார். ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு வரை போனார். 2015ல் அந்தக் குழு அவருக்கு ஆதரவாகச் சொன்னது. 2017ல் கொரியா அந்தப் பரிசோதனையைக் கைவிட்டது. உடலைப் பார்த்துத் தீட்டு என்று சொல்கிறவர்களை ஒரு தனி ஆளாக நின்று பின்வாங்க வைத்தார் அந்த ஆசிரியை.

நம் ஊருக்கு வருவோம். வெளிநாட்டு வேலையும் பிறப்பும் முட்டிக்கொண்ட கதை புதுச்சேரிக்குப் புதிதல்ல. காலணியோடு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காக 1873ல் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1881ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. சாதி வழக்கம் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்தால் பிரெஞ்சுக் குடிமகனாகலாம். பொன்னுத்தம்பி அப்படித் துறந்து 'லபோர்த்' என்று பெயர் வைத்துக்கொண்டார். கதவு என்று அர்த்தம். அந்தக் கதவு வழியாகத் தலித்துகளும் கிறித்தவர்களும் பலர் போனார்கள். மேல்சாதித் தலைமை அதை எதிர்த்தது. துறந்தவர்களில் பலர் சைகோனுக்குக் குமாஸ்தாவாகவும் காவலராகவும் கப்பலேறினார்கள். பிரெஞ்சுக் குடிமகன் என்றால் ஐரோப்பியருக்குத் தரும் ஊதியத்தை எங்களுக்கும் கொடு, ஓட்டுரிமையும் கொடு என்று அங்கே போய்ப் போராடினார்கள். காகிதத்தில் சமம், சம்பளப் பட்டியலில் வேறு என்பதை அவர்கள் நூறாண்டுக்கு முன்பே கண்டார்கள். உங்களில் சிலர் வீட்டில் 'சொல்தா' தாத்தா இருந்திருப்பார். கேட்டுப் பாருங்கள்.

சங்கடமான ஒரு கேள்வியும் இருக்கிறது. மாலத்தீவு அரசுப் பள்ளிகளில் பல பத்தாண்டுகளாக இந்திய ஆசிரியர்கள் வேலை செய்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் படித்துப் பயிற்சி பெற்று வரும்போது நம்மவர்களுக்கான இடம் குறைகிறது. இதை அநீதி என்று சொல்லலாமா? நான் சொல்ல மாட்டேன். மீனவர் வீட்டுப் பெண் தன் தீவிலேயே ஆசிரியராவது நல்ல செய்தி. உள்ளூர் ஆசிரியருக்கு முன்னுரிமை தருவது ஒன்று. வெளியாள்தான் வேண்டும், ஆனால் இன்ன பிறப்புள்ள வெளியாள் மட்டும் என்பது வேறு. முதலாவதை ஏற்போம், இரண்டாவதை எதிர்ப்போம்.

சரி, நம் அரசுப் பள்ளிகள்? 2023–24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாற்றப்பட்டன. தமிழ்வழியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளையின் கையில் திடீரென்று ஆங்கிலப் புத்தகம். ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. அம்பேத்கரைப் படித்தவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் புத்தகத்தைச் சேரிப் பிள்ளைக்குப் புரியவைக்க ஆள் வேண்டுமே? அந்த ஆள் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டாமா? ஒப்பந்தம், தொகுப்பூதியம் என்று வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டிருந்தால், சியோலில் அந்த வெள்ளைக்கார ஆசிரியருக்கு நடந்ததுதான் இங்கேயும் நடக்கும். அவருக்கு விமான டிக்கெட்டாவது கொடுத்தார்கள்.

இங்கே இன்னொரு களவும் சேர்ந்துகொள்ளும். 45 நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு உண்டு என்பது ஒன்றிய அரசின் ஆணை. அந்த ஆணை ஒப்பந்த நியமனங்களில் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதை நாம்தான் தேட வேண்டும். நிரந்தரப் பணி என்றால் ரோஸ்டர் இருக்கும், கேட்கலாம். ஏஜென்சி மூலம் ஆள் எடுத்தால் யாரிடம் போய்க் கேட்பது?

வெளிநாடு போக நினைக்கிறவர்கள் போங்கள். பணம் கட்டும் முன் மூன்று விஷயம் பாருங்கள். அந்த நாட்டு விசா விதியில் இந்தியக் குடிமகனுக்கு இடம் இருக்கிறதா என்று தூதரகத்தின் பக்கத்திலேயே படியுங்கள், முகவர் வாயால் கேட்காதீர்கள். ஒப்பந்தம் எத்தனை மாதம், பாதியில் நிறுத்தினால் திரும்பும் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள். பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கையில் கொடுத்துவைக்காதீர்கள்.

இங்கேயே இருக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை ஆசிரியர்கள் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டார்கள், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், எத்தனை பேருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடப் போகிறோம். மனுவுக்குப் பத்து ரூபாய். ஆளுக்கொரு மனு எழுத வருகிறவர்கள் பின்வரிசையில் இருக்கும் தோழரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.