கொட்டினது யாரு, மேடாக்கினது யாரு

(சிந்தாதிரிப்பேட்டையில் மாணவர்கள் கூட்டிய மாலைக் கூட்டமொன்றில் பேசியது. பேச்சு வழக்கை முழுவதும் மாற்றாமல் எழுதித் தந்திருக்கிறேன்.)



தம்பிகள் எனக்குத் தந்த தலைப்பு ‘கட்டுமானத்திலும் நில மேம்பாட்டிலும் கழிவுப்பொருட்களின் மறுபயன்பாடு’. கவிதை எழுதுறவன், அதுவும் பேங்க்ல கிளார்க்கா இருக்கிறவன், இதைப் பேச என்ன இருக்குன்னு வாசல்லயே ஒரு தோழர் கேட்டுட்டார். நியாயமான கேள்விதான். எங்கம்மா சித்தாள் வேலை பார்த்தவங்க. அந்த வழியில எனக்குக் கொஞ்சம் தெரியும். மிச்சத்தைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

இந்தப் பேட்டையில இடிக்காம நிக்கிற பழைய வீட்டு மாடி ஏதாவது ஒண்ணை அண்ணாந்து பாருங்க. தேக்கு உத்தரம், அது மேல நெருக்கிச் சாய்ச்சு வச்ச செங்கல், அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட தளம், கடைசியா தட்டோடு. மெட்ராஸ் டெரஸ்னு கட்டடக்கலைப் புத்தகத்துல பேரோட போட்டிருக்கான். செங்கல் ஜல்லின்னா என்ன? சூளையில கோணிப்போன கல், இடிச்ச சுவர்ல வந்த கல், இதைச் சுத்தியலால உடைச்சது. தூளாப் போனதையும் விடறதில்லை. அரைச்சு சுண்ணாம்போட சேர்த்தா அது சுர்க்கி. சிமெண்ட் வர்றதுக்கு முன்னால பாலமும் மதகும் அதுலதான் நின்னுது. ஆக, கழிவை வச்சுக் கட்டறது நேத்து வெளிநாட்டிலேருந்து வந்த யோசனை இல்லை.

பின்னாடி ஆர்.சி.சி. வந்த பிறகும் வெயிலுக்காகவும் மழைத்தண்ணி ஓடவும் அதே ஜல்லித் தளத்தை மேலே போட்டுக்கிட்டிருந்தாங்க. கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிச்சு, பொம்பளைங்க வரிசையா குந்திக்கினு மரக்கட்டையால நாள் கணக்கா தட்டணும். தட்டின கட்டை பள்ளம் விழாம எகிறணும், அப்பதான் தளம் இறுகிடுச்சுன்னு மேஸ்திரி ஒத்துப்பார். எங்கம்மா அப்படித் தட்டினவங்க. சுண்ணாம்பு பட்டு உள்ளங்கைத் தோல் உரிஞ்சுபோய், ராத்திரி சோறு பிசைய முடியாம ஸ்பூன் கேப்பாங்க. அவங்க தட்டின தளத்துக்குக் கீழ ஒரு நாள்கூட அவங்க படுத்ததில்லை.

இந்தப் பேட்டையோட கதையையும் ஒரு வரி சொல்லிடறேன். 1734இல், ஜார்ஜ் மார்டன் பிட் கவர்னரா இருந்தப்ப, கம்பெனிக்குத் துணி வேணும்னு நெசவாளர்களைக் கொண்டாந்து குடியமர்த்தின இடம் இது. சின்னத் தறிப் பேட்டை. யார் யார் குடியிருக்கலாம்னு அப்பவே ஒரு பட்டியல் போட்டாங்க. நூல் நூற்கிறவங்க, நெய்யிறவங்க, துணியில சித்திரம் எழுதறவங்க, சாயம் போடறவங்க, வெளுக்கிறவங்க, கோயிலுக்கு வேண்டியவங்க. அந்தப் பட்டியல்ல நாம இல்லை. பேட்டையை மூணு பக்கமும் சுத்திக்கிட்டு கூவம் போகுது. பட்டியல்ல இல்லாதவங்களுக்கு ஆத்தங்கரைதான் மிச்சம்.

ஆத்தங்கரைன்னா பள்ளம். ஊர்ல சேரி எங்க இருக்கும்னு உங்களுக்குச் சொல்லவேணாம், மழைத்தண்ணி எங்க போய் நிக்குமோ அங்க இருக்கும். பட்டணத்திலயும் அதே கணக்குதான். கூவத்தங்கரையில குடிசை போட்டவன் முதல்ல செஞ்சது நிலத்தை உண்டாக்கின வேலை. எங்கயோ வீடு இடிக்கிறான்னு காதுக்கு எட்டினா லாரி டிரைவருக்கு டீ வாங்கிக் குடுத்து ‘அண்ணே, ஒரு லோடு ரப்பிஷ் இப்படித் திருப்பி விடுண்ணே’ன்னு கேக்கணும். வந்ததை அப்படியே கொட்டிட முடியாது. மரத்துண்டு, கோணி, பிளாஸ்டிக் எல்லாத்தையும் பொறுக்கி எடுக்கணும், மக்கினா அந்த இடம் உள்வாங்கிடும். பால்ஸ் சீலிங் உடைச்ச வெள்ளைப் பவுடரைத் தனியா ஒதுக்கணும், அது ஜிப்சம், ஈரத்துல சிமெண்டைத் தின்னுடும். ஆஸ்பெஸ்டாஸ் ஓடு உடைஞ்ச தூளு நுரையீரலுக்குப் போனா திரும்பி வராது. பெரிய கட்டியை அடியில போட்டு, நடுத்தரத்தை மேல போட்டு, இண்டு இடுக்குல செங்கல் தூளை இறைச்சு, தண்ணி விட்டு, திமிசுக்கட்டையால இடிச்சு இறுக்கணும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு சாண் ஏத்தணும். இப்படி ரெண்டு மூணு தலைமுறையா ஏறினதுதான் கரையோரக் குடியிருப்புங்களோட தரைமட்டம். என்ஜினியரிங் படிக்கிற தம்பிங்க யாராவது இதை அளந்து எழுதினா நல்லது. உங்க பாடப்புத்தகத்துல ‘நில மேம்பாடு’ன்னு வர்றது இதுதான். அரசாங்க ஃபைல்ல இதுக்குப் பேர் ஆக்கிரமிப்பு.

நானும் யோக்கியன் இல்லை. இப்படி மேடான இடத்துல ரெண்டு ரூம் கட்டிக்கிட்டு, மேலே ஷீட்டை எடுத்துட்டுத் தளம் போட லோன் கேட்டு ஒரு அம்மா கவுண்டருக்கு வந்தாங்க. ‘பட்டா இல்லையேம்மா’ன்னு ஃபாரத்தைத் திருப்பிக் குடுத்தது இந்தக் கைதான். அந்த அம்மா என்னைப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கு. பேங்க் கணக்குல அந்த வீட்டோட மதிப்பு சைபர். இடிச்சுட்டு காலி பண்ணினா, அதே மண்ணுக்கு மதிப்பு கோடி.

காலி பண்றதும் நடந்தது. கூவம் சீரமைப்புன்னு பேர். தீவுத்திடல் பக்கத்துல சத்தியவாணி முத்து நகர்னு ஒரு குடியிருப்பு. நம்ம சமூகத்திலேருந்து வந்து மாநிலத்திலும் மத்தியிலும் மந்திரியா இருந்த அம்மா பேர் வச்ச ஊர். 2019, 2020 டிசம்பர் மாசங்கள்ல, பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் பாதியில நிக்கறப்ப, புல்டோசர் விட்டாங்க. பெரும்பாக்கத்துக்கு ஏத்தி அனுப்பினாங்க. 2000இல் கண்ணகி நகர்ல ஆரம்பிச்சு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு எல்லாம் ஒரே திசை. பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டின தாழ்வான பூமி, மழைக்கு மழை தண்ணி. ரப்பிஷ் கொட்டி மேடாக்கின இடத்திலேருந்து எடுத்து மறுபடி பள்ளத்துல வச்சான். இந்தப் பக்கம் கரையிலே துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலை வேலை நடந்தப்ப, மெஷின் போறதுக்காக ஆத்துக்குள்ளயே மண்ணும் இடிபாடும் கொட்டி வழி போட்டாங்க. ஆறு அடைபடுதுன்னு நம்மைக் காலி பண்ணினவங்க அதையும் பார்த்துக்கிட்டுதான் இருந்தாங்க.

இப்ப சட்டத்துக்கு வர்றேன். 2016 மார்ச்சுல மத்திய அரசு கட்டுமான, இடிபாட்டுக் கழிவுக்குன்னு தனி விதிகள் கொண்டாந்தது. இடிக்கிறவனே தரம் பிரிக்கணும், கண்ட இடத்துல கொட்டக்கூடாதுன்னு அந்த விதிகள் சொல்லிச்சு. அதே வருஷம் இந்தியத் தர நிர்ணயம் 383 திருத்தப்பட்டது. பழைய கான்கிரீட்டை உடைச்சு எடுத்த ஜல்லியை, கம்பி இல்லாத கான்கிரீட்ல 25 சதவீதம் வரைக்கும், கம்பி கட்டின கான்கிரீட்ல எம் 25 வரைக்கும் உள்ள ரகத்துல 20 சதவீதம் வரைக்கும், அடியில போடற வலுக்குறைந்த கலவையில முழுக்கவும் சேர்க்கலாம்னு அனுமதிச்சது. கணக்கு ஏன் இப்படி? பழைய ஜல்லி மேல ஒட்டியிருக்கிற காரை தண்ணியை உறிஞ்சும், பலம் குறையும். அதனால அளவு. இதைத் தெரிஞ்சு வச்சிருக்கிறது நமக்கு ரொம்ப அவசியம். சென்னையில கொடுங்கையூர்லயும் பெருங்குடியிலயும் இடிபாட்டை அரைக்கிற ஆலை வந்தது. மணல், ஜல்லி, நடைபாதைக் கல் எல்லாம் அதுல எடுக்கலாம். நல்ல காரியம், நான் எதிர்க்கலை. ஆத்து மணலை அள்ளிப் பாலாறும் கொசஸ்தலையும் என்ன ஆச்சுன்னு பார்த்தவன் இதை எதிர்க்க முடியாது.

எனக்குச் சந்தேகம் வேற. புதுசா ஒரு மலிவுப் பொருள் வந்தா அதை யார் வீட்டுல முதல்ல போட்டுப் பார்ப்பான்? 2021 ஆகஸ்டுல புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்புல கையால தொட்ட இடமெல்லாம் பூச்சு உதிர்ந்ததை டி.வி.யில எல்லாரும் பார்த்தோம். அது கழிவுப்பொருளால வந்ததுன்னு நான் சொல்லலை. நம்ம வீட்டுக்குப் போற கலவையை யாரும் சோதிச்சுப் பாக்கறதில்லைன்னுதான் சொல்றேன். ஐ.ஐ.டி. ஆளுங்களை வரவச்சு சோதிச்சது, உதிர்ந்து ஊரே சிரிச்ச பிறகு.

சாம்பல் கதையும் இதே மாதிரி இரண்டு முகம். அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் செங்கல்ல சேர்க்கணும்னு 1999 செப்டம்பர்ல அறிவிப்பு வந்தது. 50 கிலோமீட்டர் சுற்றளவுல இருக்கிற சூளைக்காரன் மண்ணோட குறைஞ்சது 25 சதவீதம் சாம்பல் கலக்கணும்னு அப்ப சொன்னாங்க. இன்னொரு வகைக் கல் இருக்கு. சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம், மணல் எல்லாம் சேர்த்து அச்சில அழுத்தறது, சூளையே வேணாம். சூளை வேணாம்னா என்ன அர்த்தம்? வயலோட மேல்மண் பிழைச்சுது. அதைவிட, திருவள்ளூர், காஞ்சிபுரம் சூளைகள்ல முன்பணத்துக்குக் குடும்பத்தோட அடைஞ்சு கிடக்கிற இருளரும் நம்ம ஜனமும் ஒடிசாக்காரனும் இருக்கானே, கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல், அவன் கால்ல கட்டின கயிறு ஒரு முழமாவது தளரும். அதனால சாம்பல் கல்லை நான் வரவேற்கிறேன். ஆனா அதே சாம்பல் எண்ணூர்ல குழாய் உடைஞ்சு கொசஸ்தலை ஆத்துல படிஞ்சப்ப, இறால் பிடிக்கிறவன் இடுப்பளவு தண்ணி முழங்கால் அளவாச்சு. சாம்பல் குளத்துக்குப் பக்கத்துல இருக்கிற செப்பாக்கத்துக்குப் போய்ப் பாருங்க, சோத்துத் தட்டுல சாம்பல். கல்லாப் போற வரைக்கும் அந்தச் சாம்பலைச் சுமக்கிறது யாருன்னு பார்க்காம ‘பசுமைக் கட்டடம்’னு சர்டிபிகேட் மாட்டறாங்க.

பிளாஸ்டிக் ரோடு பத்தியும் கேப்பீங்க. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடிச்சது, சூடான ஜல்லி மேல பிளாஸ்டிக்கைப் பூசி அப்புறம் தார் போடறது. 2018இல் பத்மஸ்ரீ குடுத்தாங்க, தகும். அந்தப் பிளாஸ்டிக்கை சாக்கடையிலேருந்து பொறுக்கி, அலசி, காயவச்சுக் குடுத்த கைகளுக்கு? 2025 ஆகஸ்டுல ரிப்பன் மாளிகை வாசல்ல பதிமூணு நாள் உக்காந்திருந்தாங்க, இங்கேருந்து நடக்கிற தூரம்தான். ராத்திரியோட ராத்திரியா அள்ளிப் போட்டுக்கிட்டுப் போனாங்க. குப்பையைக்கூட அவ்வளவு வேகமா அள்ளினதில்லை.

தலைப்புல நில மேம்பாடும் இருக்கு. பஞ்சமி நிலத்தைப் பேசாம நான் அதைப் பேச முடியாது. செங்கல்பட்டுக் கலெக்டரா இருந்த டிரெமன்ஹீர் 1891இல் குடுத்த அறிக்கை, 1892இல் அரசாணை, அதுக்கப்புறம் நமக்குன்னு ஒதுக்கின நிலம். எந்த நிலம்? வேற யாரும் கேக்காத தரிசு, மேடு, களர். பாட்டன் பூட்டன் எருக்குழி வெட்டி, அடுப்புச் சாம்பலைக் கொட்டி, ஏரி வண்டலைத் தலைச்சுமையா தூக்கிப் போட்டு அதை நிலமாக்கினான். நெல் விளைஞ்ச பிறகு வந்தான் பாருங்க பத்திரத்தோட. அதைத் திருப்பிக் கேட்டுத்தான் காரணை. 1994 அக்டோபர் 10, செங்கல்பட்டுல துப்பாக்கிச்சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை. கூவத்தங்கரையில நடந்ததும் காரணையில நடந்ததும் எனக்கு ஒரே ஃபைலாத்தான் தெரியுது. வேண்டாம்னு போட்டதை நாம வாங்கி நிலமாக்கறோம். நிலமான உடனே அது அவனுக்கு வேணும்.

இப்ப மூணாவது தடவை நடக்கப் போகுது, அதுக்காகத்தான் இவ்வளவும் பேசினேன். பெருங்குடிக் குப்பைமேட்டைத் தோண்டிச் சலிச்சு எடுத்தாங்க. மண்ணு தனியா, கல்லு தனியா, பிளாஸ்டிக் சிமெண்ட் ஆலைக்கு எரிக்க. கீழேருந்து பூமி ஏக்கர் கணக்குல மீண்டு வருது. கொடுங்கையூர்க் குப்பைமேடு 340 ஏக்கருக்கு மேல, அங்கயும் வேலை ஆரம்பிச்சாச்சு. பெருங்குடியில வர்ற இடம் சதுப்புக்குத் திரும்பிப் போகணும், அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்லை, நமக்கும் வெள்ளம் வடியணும். ஆனா கொடுங்கையூர்ல மீளற நிலம்? அந்தப் புகையை மூணு தலைமுறையா மூச்சுல வாங்கினவன், மேட்டு மேல ஏறி இரும்பும் கண்ணாடியும் பொறுக்கினவன், அவன் பேர் எந்தத் திட்ட வரைபடத்திலயாவது இருக்கா? பூங்கா வருமாம். பூங்காவுக்கு வாட்ச்மேன் வேலை தருவாங்க.

ஆகவே நான் கேக்கறது இதுதான். சலிச்செடுத்த மண்ணை எங்கெங்க கொட்டினாங்க, ஈயம், பாதரசம் சோதிச்சாங்களா, இதைத் தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேக்கணும். வாரியம் கட்டற ஒவ்வொரு குடியிருப்புலயும் என்ன ஜல்லி, என்ன மணல், எத்தனை நாள் தண்ணி விட்டான், கியூப் சோதனை முடிவு என்ன, இதை வாசல்ல போர்டு எழுதி வைக்கச் சொல்லணும். அரைவை ஆலையில வர்ற நடைபாதைக் கல் அண்ணா சாலைக்குப் போறதுக்கு முன்னால பெரும்பாக்கம் தெருவுக்குப் போகணும். குப்பைமேட்டுல பொறுக்கினவங்களோட பேர்ப்பட்டியலை நாமளே எடுக்கணும். மாநகராட்சி எடுக்கற வரைக்கும் காத்திருந்தா பூங்காவே திறந்துடுவாங்க.

முதல் வேலையா வர்ற ஞாயித்துக்கிழமை கொடுங்கையூருக்குப் போறோம். காலையில ஏழு மணிக்கு, வெயில் ஏறதுக்கு முன்னாடி. மூக்குக்குத் துணி எடுத்துட்டு வாங்க, செருப்பு வேணாம், ஷூ போட்டுக்கங்க. மேசை மேல நோட்டு இருக்கு, வர்றவங்க பேர் எழுதிட்டுப் போங்க. வீடு வீடாப் போய்க் கேக்கவேண்டிய கேள்வியைப் பின் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன், விட்டுப்போனது இருந்தா சேருங்க.