பாசி சாவதும் நஞ்சு போவதும்



நச்சு நீலப்பசும்பாசியைத் தாவரப் பொருள்களால் கட்டுப்படுத்துவது பற்றி இந்த மாநாட்டில் இரண்டு நாள் பேசப்போகிறோம். தலைமை ஏற்ற உரிமையில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பாசி செத்ததா என்று பார்த்ததோடு நிற்காதீர்கள்; நஞ்சு போனதா என்றும் பாருங்கள்.

1979-இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணையில் பாசி மண்டியது. மயில்துத்தம் போட்டார்கள், பாசி செத்தது. அடுத்த சில நாள்களில் 148 பேர் ஈரலும் குடலும் பாதிக்கப்பட்டு நோயில் விழுந்தார்கள். பெரும்பாலோர் பழங்குடிக் குழந்தைகள். பாசியின் செல்லுக்குள் அடைபட்டிருந்த நஞ்சு, செல் உடைந்ததும் நீரில் கலந்துவிட்டது என்பதே பின்னாளில் கிடைத்த விளக்கம். மயில்துத்தத்துக்குப் பதில் வேப்பிலைச் சாறு ஊற்றினாலும், செல் உடைந்தால் உள்ளே இருப்பது வெளியே வரத்தான் செய்யும். மைக்ரோசிஸ்டிஸ் என்ற பாசியின் மைக்ரோசிஸ்டினோ கொதிக்க வைத்தாலும் அழியாத நஞ்சு. ஆகவே 'காய்ச்சிக் குடியுங்கள்' என்ற நம் வழக்கமான அறிவுரை இங்கே உதவாது.

தாவரங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். மிரியோஃபில்லம் என்ற நீர்ச்செடி கசியவிடும் பாலிஃபீனால்கள் மைக்ரோசிஸ்டிஸ் பாசியின் வளர்ச்சியைத் தடுக்கின்றன என்று நகாய் குழுவினர் 2000-இல் காட்டினார்கள். அவர்கள் பிரித்தெடுத்த காலிக் அமிலமும் எல்லாஜிக் அமிலமும் நம் கடுக்காயில் நிறைய உண்டு. நைலான் வருவதற்கு முன் மரப்பட்டையைக் காய்ச்சிய துவர்நீரில் பருத்தி வலையை ஊறப்போட்டவர்கள் நம் மீனவர்கள். கிருமி அரிக்காமல் நூலைக் காத்த அந்தத் துவர்ப்பும் இதே குடும்பத்துப் பொருள்தான். முருங்கை விதையின் புரதம் கலங்கலைத் திரட்டி அடியில் படியவைக்கும் என்பதும் ஊரறிந்தது. செல்லை உடைக்காமல் பாசியை அப்படியே திரட்டி அள்ள முடியுமானால், என் வாக்கு அந்த வழிக்குத்தான்.

இங்கிலாந்தில் பார்லி வைக்கோலைக் குளத்தில் மிதக்கவிட்டுப் பாசியைத் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். காற்றோட்டமுள்ள நீரில் வைக்கோல் மெல்ல மக்கும்போதுதான் அது வேலை செய்கிறது. இருக்கும் பாசியைக் கொல்வதைவிடப் புதிதாக வளர்வதைத் தடுப்பதே அதன் இயல்பு. பலன் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. நம் வெயிலில், அசையாத நீரில், நெல் வைக்கோலைக் கட்டுக்கட்டாகப் போட்டால் அது அழுகி ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்பவர்கள் இறால் பண்ணைக்காரர்களைக் கேட்கட்டும். குளத்தில் இறால் குஞ்சு விடுமுன் மற்ற மீன்களை ஒழிக்க அவர்கள் போடுவது இலுப்பைப் புண்ணாக்கு. அதிலுள்ள சப்போனின் மீனின் செவுளைத் தாக்கிக் கொல்கிறது.

இந்தப் பழவேற்காடு ஏரியில் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீரில் இறங்கி, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றுக்குள் இரு கைகளாலும் துழாவுவார்கள். மணிக்கணக்கில் உடம்பு நீரில், வாய் நீர்மட்டத்துக்கு அருகில். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் மைக்ரோசிஸ்டினுக்குத் தந்த வழிகாட்டு அளவுகள் குடிநீருக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், நீந்தி விளையாடும் நீருக்கு 24. இரண்டாவது, விளையாடும் குழந்தை விழுங்கக்கூடிய நீரைக் கணக்கிட்டு வகுத்தது. பிழைப்புக்காக நாள்தோறும் நீரில் நிற்பவளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அவளுக்கான அளவை இங்கிருக்கும் யாராவது வகுக்க வேண்டும். இந்த மாநாட்டிலிருந்து நான் எதிர்பார்ப்பது அதைத்தான்.

பழவேற்காடு உப்பும் நன்னீரும் மாறிமாறி ஆளும் ஏரி. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடல்நீர் வரத்துக் குறையும். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொட்டும். மைக்ரோசிஸ்டிஸ் நன்னீரில் செழித்து, உப்பு ஏற ஏறச் செல் உடைந்து நஞ்சைக் கக்கும் இனம். காய்ச்சி வடித்த நீரில் செய்த சோதனையை இந்த ஏரியின் பெயரில் வெளியிடாதீர்கள். உரமும் சாக்கடையும் வந்து விழுவது நிற்காமல் எந்தச் சாறும் நிலைத்த பலன் தராது என்பதைத் தனியே விளக்கத் தேவையில்லை.

நீலப்பசும்பாசி எல்லாமே பகையும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேசிகாச்சாரி 1959-இல் எழுதிய 'சயனோஃபைட்டா' நூலைப் புரட்டினால் அந்தக் குலம் எவ்வளவு பெரியது என்று தெரியும். வயலுக்கு நைட்ரஜன் தருபவையும் அதில் உண்டு. எல்லாவற்றையும் ஒருசேரக் கொல்லும் மருந்தைச் சாதனை என்று இங்கே யாரும் வாசிக்க வேண்டாம்.

சோதனைக்கு ஏரியில் இடம் கேட்பவர்களுக்கும் ஒரு சொல். இங்கே யார், எந்த நாளில், எங்கே வலை போடுவது என்பது பாடு முறைப்படி நடக்கிறது. உங்கள் சோதனை வளையம் ஒருவருடைய பாட்டில் விழுந்தால், அன்றைய வருமானம் அந்தக் குடும்பத்துக்கு இல்லை. ஊர்க்கூட்டத்தில் கேட்டு, இழப்பைப் பேசித் தீர்த்த பிறகே கம்பு நடுங்கள்.

ஒவ்வொரு கட்டுரையின் அட்டவணையிலும், பாசி எண்ணிக்கையை அடுத்து இரண்டு பத்தி சேருங்கள்: பாசி செத்தபின் நீரில் கரைந்திருந்த நஞ்சு எவ்வளவு, அதே நீரில் விட்ட இறால் குஞ்சு பிழைத்ததா. பழவேற்காட்டுக் குப்பத்தார் பேசுவதற்கு மாலையில் ஒதுக்கியிருந்த நேரத்தை இந்த நேரத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். மாலையில் அவர்களுக்கு வலை வேலை இருக்கிறது. அவர்கள் பேசி முடித்ததும் முதல் கட்டுரையை வாசிக்கலாம்.