இனிப்புநீரும் வாழ்க்கை நிலையும்



இன்று மாடிக் கட்டடங்கள் நிறைந்த சுபாங் ஜெயா, ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். 1976-இல் அங்கே நகரம் எழத் தொடங்கியது. 2020-இல் அது மாநகரமாயிற்று. இப்படிப் பல தோட்டங்கள் மறைந்தன. அங்கிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல, அடுக்குமாடி வீடுகளுக்கும் தொழிற்சாலை வேலைக்கும் போயின. அவர்களோடு இனிப்புநீர் நோயும் குடியேறியது.

2019-இல் நாடு முழுதும் நடந்த சுகாதார ஆய்வின்படி, பெரியவர்கள் 100 பேரில் 18 பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. இந்தியரை மட்டும் எடுத்தால், 100-க்கு ஏறத்தாழ 31 பேர்!

"வாயைக் கட்டவில்லை, வந்துவிட்டது" என்று நோயாளியைக் குறை சொல்கிறோம். உணவும் பரம்பரையும் காரணம்தான். ஆனால் அவை மட்டுமல்ல. கர்ப்பிணித் தாய்க்குச் சத்துணவு கிடைக்காமல் எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு, பிற்காலத்தில் இனிப்புநீர் வரும் வாய்ப்பு அதிகம். இரவு வேலை உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கம் கெட்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. ஓயாத கடன் கவலையும் அதையே செய்கிறது. மரம் வெட்டி நடந்த கால்கள் இன்று இயந்திரத்தின் முன் நிற்கின்றன. டின் பால் தேநீரும் வெள்ளைச் சோறும் மட்டும் குறையவில்லை.

இங்கிலாந்தில் 1967-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, அரசு ஊழியர்களிடையே பதவி தாழத் தாழ இருதய நோய் மரணம் கூடுவதைக் காட்டியது. அவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். படிக்கட்டில் நாம் நிற்கும் இடமும் உடலைத் தொடுகிறது என்பதே இதன் பொருள்.

அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட்தான் கட்டணம். ஆனால் அங்கே போய்வர ஒருநாள் கூலி போகுமென்றால், அந்த மருந்து மலிவானதா? ஆகவே பரிசோதனைக்குப் போக விடுப்புக் கேட்பதைத் தொழிற்சங்கத்தின் கோரிக்கையாக்குங்கள். வீட்டில் 30 வயதைக் கடந்த எல்லாரும் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நோயுள்ளவர்கள் தினமும் பாதங்களைக் கவனியுங்கள். சிறு புண்ணும் காலையே வாங்கிவிடும்.

நோயாளியிடம், "என்ன தின்றாய்?" என்று கேட்குமுன், "எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்றும் கேட்போம். நோய்க்கு வெட்கப்பட்டு மறைப்பவர், அப்போது மருத்துவரிடம் போகத் துணிவார்.